கடைசிக் கொம்பு

கொன்னைக்குறிச்சியில் வரப்புக்கு அண்டை போடுவதில் தவமணியை மிஞ்ச ஆள் கிடையாது. சேற்றை அள்ளி அப்பிப் புறங்கையால் ஒரு வழி வழித்துவிட்டாளானால் அந்த வரப்பில் சொட்டுத் தண்ணீர் கசியாது. நண்டு வளை எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் அவள் கால் கட்டைவிரல் கண்டுபிடித்துவிடும். அப்படிப்பட்டவளின் கை, அன்றைக்கு ஊராட்சி அலுவலக வாசலில் எல்லோர் முன்னாலும் அவள் பேச்சைக் கேட்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

கையில் மாட்டியிருந்த உறைதான் காரணம். மீன் செதிலைப் போல மெல்லிசு, பழுப்பு நிறம். மாட்டிய கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எதிரே கிடந்த கல்லை எடுக்கக் குனிந்தாள். அவளாக இருந்தால் எடுத்த கையோடு வைத்திருப்பாள். அந்தக் கை கல்லைத் திருப்பி, கட்டைவிரலால் அதன் அடியைப் பையத் தடவிப் பார்த்தது. பிறகு விரல் முட்டியால் ரெண்டு தட்டு தட்டியது. அப்புறம்தான் கீழே வைத்தது. வைத்த கல் ஆடவில்லை, அசையவில்லை.

"இது யாரு கை?" என்றாள் தவமணி. குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

கைப்பதிவு நிலையத்திலிருந்து வந்திருந்த ரெஜினா சிரித்தாள். முப்பது வயதிருக்கும்; வெயிலில் கறுத்த முகம், காலில் ரப்பர் செருப்பு. "ஓடை சரிபண்ணத் தெரிஞ்ச ஒருத்தரோட கைக்கா. பல வருஷம் வெறுங்கையால கழியும் கல்லும் வச்சு ஓடைகளை மீட்டவங்க. அந்தப் பழக்கத்தை எடுத்து இதுல வச்சிருக்கோம். நீங்க சும்மா விட்டுக்கொடுத்தாப் போதும், அதுவே உங்களுக்குப் பழகிக் குடுத்துடும்."

"நகல் எடுத்தீங்களா?"

"நகல் எடுக்க முடிஞ்சா நாங்க ஏங்க்கா இப்படி ஊர் ஊரா அலையிறோம்? பேத்துத்தான் எடுக்க முடியும். நாத்தங்கால்ல இருந்து நாத்தைப் பறிச்சா அங்க வெறும் சேறுதானே மிஞ்சும்? பறிச்ச நாத்தை எத்தனை வயல்ல வேணாலும் நடலாம். அது மாதிரி."

தவமணி உறை மாட்டிய கையைத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப குடுத்தவங்களுக்கு?"

"அவங்களுக்கு அந்தக் கைப்பழக்கம் போயிடும். சோறு அள்ளித் தின்னலாம், சட்டைப் பொத்தான் போடலாம். இந்த வேலை மட்டும் கைக்கு வராது. தெரிஞ்சுதான் குடுத்தாங்க." ரெஜினா உறையின் மணிக்கட்டுப் பட்டையைச் சரிசெய்தாள். "பேரு சொல்லக்கூடாதுன்னு விதி. கடன்பட்ட மாதிரி நீங்க யாரும் கூசிப்போகக் கூடாதுல்ல. இன்னொன்னும் தெரிஞ்சுக்குங்க. கையோட அசைவு மட்டும்தான் இதுல வரும். நினைப்பு வராது, பேச்சு வராது."

ஊரை ஒட்டி ஓடும் கல்லோடையின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அடுத்தடுத்து வந்த ரெண்டு பேய்மழையில் ஓடை தன் படுகையைத் தானே அறுத்துக்கொண்டு, ஆளுயரப் பள்ளமாகிவிட்டது. பச்சைமலையில் பெய்கிற மழை அந்தப் பள்ளத்தில் விழுந்தடித்துக்கொண்டு ஓடி, நின்று ஒரு வாய் மண்ணுக்குக் கொடுக்காமல் போய்விடும். பக்கத்திலிருந்த ஊர்க்கிணறு வற்றியது. குறுக்கே கட்டிய கான்கிரீட் தடுப்புகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தன. பொக்லைன் இறக்கினால் கரை இன்னும் அறுந்தது. கடைசியில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: வருகிற தை மாதம் வந்து பார்ப்போம், கிணற்றில் தண்ணீர் இல்லையென்றால் ஊரைக் காலிசெய்து கடலோரத்து அடுக்குமாடிக்கு மாற்றுவோம்.

தவமணியின் புருஷன் கலியன் அந்த அடுக்குமாடியை முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு, அங்கேயே ஒரு வேலையும் தேடிக்கொண்டுவிட்டான். "பதினாலாவது மாடி. காத்து என்னமா வருது தெரியுமா" என்று போனில் சொன்னான்.

"காத்தைக் குடிச்சுகிட்டா பொழைக்கிறது?" என்று கேட்டு வைத்துவிட்டாள். அவளுக்கு இந்த ஊர் வேண்டும். இந்த மண்ணில் கால் வைக்காமல் ஒரு நாள் விடிவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அந்த ஆசையில்தான், அடுத்தவர் கையை மாட்டிக்கொள்ளவும் சம்மதித்தாள்.

மறுநாளே ஓடையில் இறங்கினார்கள். ஊர்ப் பெண்களும் ஆண்களுமாக உறை மாட்டியவர்கள் ஒரு சிறு கூட்டம். உறை மாட்டாமல் ஒருவர் மட்டும் இருந்தார். சொரிமுத்து என்று பெயர், தாமிரபரணிப் பக்கத்து ஆள், ஐம்பது வயதுக்காரர். தொண்டு செய்ய வந்திருக்கிறார் என்று ரெஜினா சொன்னாள்.

"உறை மாட்டலையா அண்ணே?" என்று தவமணி கேட்டாள்.

"எனக்கு ஒத்துக்காது தங்கச்சி. போட்டா அரிக்கும்" என்றார் அவர். "நா உங்களப் பாத்துப் படிச்சுக்கிடுதேன்."

பார்த்துப் படித்த லட்சணத்தை என்னவென்று சொல்வது. மரச்சுத்தியலான கொட்டாப்புளியை ஓங்கினால் முளைக்கழியில் ஒரு அடி, தன் விரலில் ஒரு அடி. கல் வைத்தால் அது மறுநொடி உருண்டு அடுத்தவர் காலில் விழும். ஆனால் வாய் மட்டும் ஓயாது. தண்ணீரைப் பற்றி, மணலைப் பற்றி, ஓடை எங்கே திரும்ப ஆசைப்படுகிறது என்பதைப் பற்றி, யாரும் கேட்காமலே பேசிக்கொண்டிருப்பார். "வாய்க்கு இருக்கிற சுறுசுறுப்பு கைக்கு இருந்தா நம்ம அண்ணன் இந்நேரம் கடலையே கட்டிருப்பாரு" என்பாள் தவமணி. எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அடிபட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டே சிரிப்பார்.

வேலை பார்வைக்கு எளிது. ஓடைக்குக் குறுக்கே கழிகளை முளையாக அடித்து நிறுத்துவது. இடையிடையே நொச்சி விளாரையும் கருவேலங் கிளையையும் கொடுத்துப் பின்னுவது. அடியில் கல் பரப்புவது. அவ்வளவுதான், தட்டி தயார். தண்ணீர் அதில் மோதி, வேகம் இழந்து, கொண்டுவந்த மண்ணை அங்கேயே போட்டுவிட்டு மெல்ல வழிந்துபோகும். மண் சேரச் சேரப் படுகை உயரும். படுகை உயர்ந்தால் தண்ணீர் பக்கவாட்டில் ஊறும், கிணற்றுக்கும் வந்து சேரும்.

எளிதென்று தோன்றினாலும் எந்தக் கழி எங்கே, எவ்வளவு சாய்வாக, எந்தக் கிளை எதன் மேல் என்பதெல்லாம் அந்தக் கைக்குத்தான் தெரிந்தது. நாள் போகப் போகத் தவமணிக்கு அந்தக் கையின் மேல் பிரியம் வந்துவிட்டது. கல்லுக்கு அடியில் ஏதாவது பூச்சியோ முட்டையோ இருந்தால் அது எடுத்து நிழலில் விட்டுவிட்டுத்தான் கல்லை வைக்கும். அவசரப்படாது. தவறு செய்தால் உதறாது, பொறுமையாகத் திரும்பச் செய்யும். இவ்வளவு பதமான கை ஒரு பெண்ணுடையதாகத்தான் இருக்கும் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். காலையில் உறையை மாட்டுவதற்கு முன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும்க்கா" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. சத்தமாகவே சொல்வாள். சொரிமுத்து பக்கத்தில் எங்காவது கழி சீவிக்கொண்டிருப்பார்.

ஒரே ஒரு விஷயம் அவளுக்குப் புரியவே இல்லை. ஒரு தட்டியைப் பின்னி முடித்ததும் அந்தக் கை, நன்றாக இருக்கிற தட்டியிலிருந்து ஒரு கொம்பை உருவும். உருவி, தலைக்கு மேலே தூக்கும். தூக்கிய கை அப்படியே நிற்கும். ஒன்று, ரெண்டு மூச்சு விடுகிற நேரம். பிறகு மேலோடைப் பக்கம் வீசிவிடும். தண்ணீர் வரும்போது அந்தக் கொம்பு மிதந்து வந்து தனக்குப் பிடித்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். எல்லோருடைய உறையும் இதையே செய்தது.

"வீசுறதுக்குக் காரணம் தெரியும்" என்றாள் ரெஜினா. "கடைசிக் கொம்பை ஓடையே வச்சுக்கட்டும்னு விடுறது. அது எங்க போய் நிக்குதோ அங்கதான் தண்ணி இழுக்குதுன்னு தெரியும். ஆனா நடுவுல எதுக்கு அப்படி நிக்குதுன்னு எங்களுக்கும் தெரியலை. சுளுக்காக் கூட இருக்கலாம்."

சுளுக்கு இல்லை என்று தவமணிக்குத் தோன்றியது. அந்த நிற்பில் ஒரு நிதானம் இருந்தது. சொல்லத் தெரியவில்லை, விட்டுவிட்டாள்.

அவளுக்குப் பொறுக்க முடியாத ஒன்றும் இருந்தது. தட்டியெல்லாம் ஒழுகியது. அந்தக் கை வேண்டுமென்றே ஓட்டை விட்டது. புரட்டாசிக் கடைசியில் ஒரு தூறல் விழுந்து ஓடையில் கொஞ்சம் தண்ணீர் வந்தபோது, தட்டியின் இடுக்குகளில் அது சலசலவென்று வழிந்து ஓடுவதைப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. ஆயுசு முழுக்கக் கசிவை அடைத்தே வளர்ந்தவள். வரப்பு கசிந்தால் மானம் போன மாதிரி நினைக்கிற ஊர் அது.

"ஒழுகட்டும் தங்கச்சி" என்றார் சொரிமுத்து. "ஒழுகத்தாம் வேணும். போறதுக்கு வழி விட்டா நின்னு பேசிட்டுப் போகும். வழிய மறிச்சா சண்டைக்கு வரும்."

"ஆமா, கழி அடிக்கத் தெரியாதவரு பாடம் நடத்துறாரு" என்றாள் அவள்.

அன்றைக்குச் சாயங்காலம் ரெஜினா வெளியூர் போயிருந்தாள். தவமணி உறையைக் கழற்றி வைத்தாள். கூட நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, களிமண்ணைக் குழைத்து, கிணற்றுக்கு நேரே இருந்த பெரிய தட்டிக்கு அண்டை போட்டாள். ஒரு இடுக்கு விடவில்லை. நண்டு வளை அடைக்கிற அதே கை, அதே வழிப்பு. எவ்வளவு நாளைக்குப் பிறகு தன் சொந்தக் கையால் ஒரு வேலை. முடித்துவிட்டுப் பார்த்தபோது தண்ணீர் தட்டிக்குப் பின்னால் குளம் போல நின்றது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. கலியனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினாள்.

அண்டை போட்ட மூன்றாம் நாள் ஐப்பசியின் முதல் கனமழை வந்தது. மழை விட்டதும் ஓடினாள். தட்டி அப்படியே இருந்தது, ஒரு கழி சாயவில்லை. தண்ணீர்தான் அதைச் சட்டை செய்யாமல் பக்கவாட்டில் திரும்பிக் கரையை அறுத்துக்கொண்டு போயிருந்தது. கரையில் நின்ற புங்கமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. புதிய பள்ளத்துக்கும் ஊர்க்கிணற்றுக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அகலம்தான் மிச்சம். இன்னொரு மழை அப்படிப் பெய்தால் கிணறு ஓடைக்குள் போய்விடும். அப்புறம் தை மாதம் யாரும் வந்து பார்க்கவே வேண்டியதில்லை.

தவமணி சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

சொரிமுத்து வந்து பக்கத்தில் நின்றார்.

"சொன்னீங்களே அண்ணே" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் சிரிச்சேன்."

"சவத்த விடுங்க. நா மொதமொதல்ல கட்டும்போது எங்கூர்ல ஒரு தென்னந்தோப்பே போச்சு." சொல்லிவிட்டு ஏதோ அதிகம் பேசிவிட்டவர் போல இருமினார். "கேள்விப்பட்டிருக்கேன்னு சொல்ல வந்தேன். எந்திரிங்க. உறைய மாட்டுங்க. அந்தக் கைக்குத் தெரியும்."

இருந்த வருத்தத்தில் அவர் பேசியதை அவள் சரியாகக் காதில் வாங்கவில்லை. உறையை மாட்டினாள். அந்தக் கையாவது தன்னைத் திட்டும், மறுக்கும், உதறும் என்று எதிர்பார்த்தாள். அது எதுவும் செய்யவில்லை. நேராகப் போய் அவள் போட்ட அண்டையைக் கொத்தித் திறந்தது. பிறகு சாய்ந்த புங்கமரத்தைத் தொட்டுப் பார்த்தது. கிளைகளை ஒவ்வொன்றாக வளைத்து, புதிய பள்ளத்தின் வாயில் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தது. விழுந்த மரமே தட்டியாகிவிட்டது. அவள் செய்த சேதத்தையே எடுத்து அவளுக்கு உதவியாக மாற்றிக்கொடுத்தது அந்தக் கை. வேலை செய்துகொண்டே தவமணி அழுதாள். ஒரு சொல் குத்திக்காட்டாமல் தன்னைத் தூக்கி நிறுத்துகிறவர்களை அவள் வாழ்க்கையில் அதிகம் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து அவள் அந்தக் கையோடு மல்லுக்கட்டவில்லை. அது போகிற போக்கில் போனாள். எங்கே ஓட்டை விடவேண்டும், ஏன் அங்கே விடவேண்டும் என்று அவளுக்கே விளங்கத் தொடங்கியது. விளங்காத இடத்தில் சொரிமுத்துவைக் கேட்டாள். அவர் வாய் ஓயாமல் சொன்னார். இந்தத் தடவை அவள் கேட்டுக்கொண்டாள். பதிலுக்கு அவருக்குக் கொட்டாப்புளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். "முழங்கையைத் தளர்த்துங்கண்ணே. கழியைப் பாக்காதீங்க, கழி போற இடத்தைப் பாருங்க." அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

கார்த்திகையில் மழை வெளுத்துக் கட்டியது. ஒவ்வொரு மழைக்கும் போய்ப் பார்த்தார்கள். சில தட்டிகள் போயின. போனவை கீழே இருந்த தட்டியில் மாட்டி அதற்குப் பலமாயின. புங்கமரத்துக்குப் பின்னால் வண்டல் சேர்ந்து மேடானது. பள்ளத்தில் விழுந்து ஓடிய ஓடை, படுகை உயர உயர அகலமாகப் பரவி நடந்தது. மார்கழியில் ஒருநாள் காலை, வாளியை இறக்கிப் பார்த்த ஒரு பெண் கிணற்றடியிலிருந்து கத்தினாள். வாளி நனைந்திருந்தது. தை பிறந்தபோது கயிறு பாதிதான் தேவைப்பட்டது. வந்து பார்த்த அதிகாரி தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு, உத்தரவைத் திரும்பப் பெறப் பரிந்துரைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். கலியன் பதினாலாவது மாடியிலிருந்து இறங்கி வந்து, வெட்கப்பட்டுக்கொண்டே கிணற்றில் நீர் இறைத்தான்.

உறைகளைத் திருப்பிக் கொடுக்கிற நாள் வந்தது. அடுத்து வேறொரு மலைக்குப் போகின்றன. தவமணி தன் உறையை மடித்து, அதன் மேல் ஒரு முழம் மல்லிகையை வைத்து நீட்டினாள்.

"குடுத்தவங்களுக்கு என் பேர்ல ஒரு வார்த்தை சொல்ல முடியுமா ரெஜினா?"

"அதுக்கு விதியில இடமில்லையே அக்கா."

"பேரு கேக்கலையே. கொன்னைக்குறிச்சி இருக்குதுன்னு மட்டும் சொல்லு. அவங்களால இருக்குதுன்னு."

ரெஜினா ஒரு கணம் ஓடைப் பக்கம் பார்த்தாள். பிறகு, "அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினாள்.

வண்டி போனதும் தவமணி வெறுங்கையோடு ஓடையில் இறங்கினாள். தனக்குள் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. சொரிமுத்துவும் கூட வந்தார். மறுநாள் அவரும் ஊருக்குக் கிளம்புகிறார். ஒரு சின்னத் தட்டி, ரெண்டு பேருமாகக் கட்டினார்கள். கழி சரியான இடத்தில் இறங்கியது. கிளை கிளையின் மேல் உட்கார்ந்தது. ஓட்டை விடவேண்டிய இடத்தில் அவள் விரல்கள் தாமாக விலகின. நாற்று வேர் பிடித்துவிட்டது. தவமணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

முடித்ததும் ஒரு கொம்பை உருவினாள். தலைக்கு மேலே தூக்கினாள். கை வழக்கம் போல நின்றது.

பக்கத்தில் சொரிமுத்து, கையில் தன் பங்குக்கு ஒரு கொம்போடு, தண்ணீரைப் பார்த்து முணுமுணுத்தார். இத்தனை நாளும் கொம்பு வீசுகிற நேரத்தில் தட்டிகளின் மறுகோடியில் நின்ற அவர், அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் நிற்பது இதுதான் முதல் தடவை. "எங்கிட்ட இருந்தது இவ்வளவுதாம். மிச்சத்த நீ கட்டிக்க, தாயி."

'தாயி' என்று அவர் முடித்ததும் அவள் கை கொம்பை வீசியது.

அவள் வீசவில்லை. கை வீசியது.

தவமணி அசையாமல் நின்றாள். பிறகு தட்டியிலிருந்து இன்னொரு கொம்பை உருவித் தூக்கினாள். "அண்ணே, இப்பச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார். மறைக்க இடமில்லை என்று தெரிந்துகொண்டவர் போலப் பெருமூச்சு விட்டார். சொன்னார். சொல் முடிகிற வரைக்கும் அவள் கை காத்திருந்தது. முடிந்ததும் வீசியது. அந்த நிற்பு முழுக்க, ஒரு விரல்கடை மிச்சமில்லாமல், அந்தச் சொல்லுக்கான இடம். கையைப் பேர்த்தெடுத்தவர்களால் பேச்சை எடுக்க முடியவில்லை. அது அவரிடமே தங்கிவிட்டிருக்கிறது.

தவமணி கரையில் உட்கார்ந்தாள். "நீங்களா?"

"ம்."

"தினமும் அக்கா அக்கான்னு கும்பிட்டேனே."

"கேட்டுக்கிட்டுத்தான இருந்தேம்." அவர் முகத்தில் கூச்சமும் சந்தோஷமும் ஒன்றாக இருந்தன. "திருத்த மனசு வரல."

"உங்க கையை வச்சுகிட்டே உங்க கையைக் கேலி பண்ணிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா எனக்கு எப்படிக் கழி அடிக்கச் சொல்லிக்குடுத்திருப்பீங்க? கும்பிட்டுட்டுச் சும்மா இருந்திருப்பீங்க." தன் வீங்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டார். "ஒத்தை ஆளு எத்தனை ஓடைக்கு ஓடுவேன் தங்கச்சி? குடுத்தா எங்கெங்கயோ வேல நடக்கும். அதாம் குடுத்தேன். ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. ஓடையக் கண்டா இறங்கணும்னு பதறுது. திரும்பப் படிச்சுக்கிடலாம்னு வந்தேன். அது எந்த ஓடையா இருந்தா என்ன?"

தவமணி சொல்ல நினைத்ததையெல்லாம் விட்டுவிட்டு, எழுந்து அவர் முன்னால் நின்று, ரெண்டு கையையும் கூப்பினாள். "எங்க ஊரு இருக்குதுண்ணே. உங்களாலதான் இருக்குது." ஆறு மாதமாக உறையைப் பார்த்துச் சொன்னதை அன்றைக்குத்தான் ஆளைப் பார்த்துச் சொன்னாள். வாய் ஓயாத அந்த மனிதர் தலையை மட்டும் ஆட்டினார்.

"நாளைக்கு ஊருக்குப் போக வேணாம்" என்றாள் தவமணி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "படிப்பு முடியலை. இறங்குங்க."

அவர் இறங்கினார். ஒரு கல்லை எடுத்து அப்படியே வைக்கப் போனார்.

"அவசரப்படாதீங்கண்ணே. திருப்பி அடியைத் தடவிப் பாருங்க. கட்டைவிரலால. பைய."

அவர் கல்லைத் திருப்பினார். கட்டைவிரல் தடுமாறித் தடுமாறித் தடவியது. அடியில் ஒரு நண்டுக்குஞ்சு, நகத்தளவு, ஈரத்தில் பளபளத்துக்கொண்டு ஒட்டியிருந்தது. தவமணி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பல வருஷமாக இந்த ஓடையில் நண்டு இல்லை. நிழலாக ஒரு இடம் பார்த்து அதை இறக்கிவிட்டு, "இப்ப வைங்க" என்றாள்.